நார் – 9: அக்காவோடு வீட்டுக்கு வந்த தூசி

ஆஸ்பெஸ்டாஸ் நாரால் நுரையீரல், வயிற்று உறைகளில் வரும் புற்றுநோய் மீசோதீலியோமா. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிப் பக்கத்தில் அது கண்ட 33 பேரை வைத்து நோயியல் மருத்துவர் வாக்னர் 1960-ல் எழுதிய கட்டுரையோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அதன் அறிகுறிகள் என்று சொல்லியிருந்தேன். சொல்லத்தான் போகிறேன். ஆனால் நடுவில் லண்டன் கட்டுரை ஒன்று கையில் சிக்கி, என்னை விடமாட்டேன் என்கிறது.

1965-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் மாலி நியூஹவுஸ், ஹில்டா தாம்சன். லண்டன் ஹாஸ்பிட்டலின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, மீசோதீலியோமா கண்ட 76 பேரின் கதையை விசாரித்தார்கள். எங்கே வேலை பார்த்தார்கள், எங்கே குடியிருந்தார்கள் என்பதோடு நிற்கவில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு என்ன வேலை என்றும் கேட்டார்கள். புதையல் அங்கேதான் இருந்தது.

31 பேர் ஆஸ்பெஸ்டாஸிலேயே புழங்கியவர்கள். இன்னும் 9 பேருக்கு அந்த வேலையே கிடையாது. வீட்டில் யாரோ ஒருவருக்கு இருந்தது. அவர்களில் 7 பேர் பெண்கள், பெரும்பாலும் கணவரின் வேலை உடுப்பைத் துவைத்துப் போட்டவர்கள். மிச்சம் இரண்டு ஆண்கள். எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்களாக அவர்கள் இருந்தபோது, அவர்களுடைய அக்காமார் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைக்குப் போய் வந்தார்கள். அவ்வளவுதான் தொடர்பு! ஒரு அக்கா 1925 முதல் 1936 வரை நூல் நூற்றவர். 1947-ல் ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நுரையீரல் நோயில் இறந்தார். உடுப்பில் ஒட்டி வந்த தூசி தம்பியையும் விடவில்லை. வேலையாலும் வீட்டாலும் தொடர்பே இல்லாத 36 பேரில் 11 பேர், ஆலையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தவர்கள்.

(தூசி தேடி வராத இடத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1952 முதல் 1956 வரை கென்ட் சிகரெட்டின் ஃபில்டரில் இருந்தது நீல ஆஸ்பெஸ்டாஸ். விளம்பரம் செய்தது உடல்நலப் பாதுகாப்பு என்று!)

அறிகுறிக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ் நாரை முதன்முதலில் சுவாசித்ததற்கும் நோய் முற்றியதற்கும் இடையே அந்த லண்டன்காரர்களுக்கு 16 முதல் 55 வருடம் ஆகியிருந்தது. இந்த நோய் பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தொடங்குகிறது. நீர் கோர்க்கிறது; மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது; ஒரு பக்க நெஞ்சில் விடாத வலி, இருமல், எடைக் குறைவு. நீரை எடுத்தாலும் மறுபடி சேரும். வயிற்று உறையில் வந்தால் வயிறு உப்பும். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டி.பி.; அது தப்புமில்லை. ஆனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: நாற்பது வருடத்துக்கு முன் என்ன வேலை, அப்பா எந்த ஆலையில், அவர் உடுப்பைத் துவைத்தது யார்.

டி.பி.யிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதற்கு இடமில்லை. அடுத்த வாரம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அப்போதுதான் முழுப் பதில். அதுவரை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைந்த துண்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.