நியூயார்க்குக்கு வீட்டோடு போகலாமா?

கோடை விடுமுறையில் அமெரிக்க நெடுஞ்சாலையில் போனால், பஸ் அளவுக்கு நீண்ட வண்டிகள் நம்மைத் தாண்டிப் போகும். ஜன்னலில் திரைச்சீலை, கூரைமேல் ஏ.சி., பின்பக்கம் கட்டிய இரண்டு சைக்கிள்கள். ஆர்.வி. என்பது இதுதான். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. தரைக்கு அடியில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. சமையலுக்கும் வெந்நீருக்கும் புரொப்பேன் சிலிண்டர். வாடகைக்கும் கிடைக்கிறது, வாடகைக்கு விடும் பெரும்பாலான வண்டிகளுக்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும்.

இதை வைத்துக்கொண்டு நியூயார்க் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. மன்ஹாட்டனில் ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது. நம்மிடமோ படுக்கையோடு கூடிய வண்டி இருக்கிறது. டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் எங்காவது ஓரமாக நிறுத்திவிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராத்திரி வண்டியிலேயே படுத்துக்கொண்டால் என்ன? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் இடறும் இடமும் இதுவே. காடு, மலை, தேசியப் பூங்கா என்று போகும்போது ஆர்.வி. வீடாகவும் இருக்கும், வண்டியாகவும் இருக்கும். பெருநகரத்தை நெருங்கிவிட்டால் அது வீடு மட்டும்தான்.

கோயில் தேரை நினைத்துக்கொள்வோம். அதற்கென்று அகலமாக விட்ட வீதியில் கம்பீரமாக வரும். பக்கத்துச் சந்துக்குள் அதைத் திருப்ப யாரும் நினைப்பதில்லை. ஆர்.வி.க்கும் அப்படித்தான், அதற்கான வீதி எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உயரம். கார் ஓட்டுகிறவர்களுக்குத் தங்கள் வண்டி எத்தனை அடி உயரம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பெரிய ஆர்.வி.யோ கூரை ஏ.சி.யோடு சேர்த்து 12, 13 அடி நிற்கும். நியூயார்க்கைச் சுற்றிப் பார்க்வே என்ற பெயரில் நிறையச் சாலைகள் இருக்கின்றன. 1925-இல் முடிந்த பிராங்க்ஸ் ரிவர் பார்க்வே இவற்றுக்கு முன்னோடி. மரங்களுக்கு நடுவே காரில் உல்லாசமாகப் போவதற்கென்றே போட்ட சாலைகள் இவை. லாரிகளுக்கு இங்கே இடமில்லை என்பதால், குறுக்கே போகும் பாலங்களைத் தாழ்வாகவே கட்டினார்கள்.

அந்தப் பாலங்களில் பல, கல்லில் கட்டிய வளைவுகள். வளைவின் நடுவில் உயரம் அதிகம். ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். ஒரே பாலத்தின் அடியில் இடது லேனில் தப்பித்துப் போகிற வண்டி, வலது லேனில் போனால் கூரையின் மூலை கல்லில் இடித்துக் கிழியும். போனில் இருக்கும் சாதாரண மேப்புக்கு இது தெரியாது. நாம் காரில் போவதாக நினைத்துக்கொண்டு, பத்து நிமிடம் மிச்சமாகும் என்றால் பார்க்வேயில்தான் திருப்பிவிடும். அதனால் வண்டியின் உயரம், நீளம், எடை, சிலிண்டர் விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வழி சொல்கிற ஆர்.வி. ஜி.பி.எஸ். நமக்கு வேண்டும். பாலத்துப் பலகைகளில் உயரம் அடி, அங்குலத்தில்தான் இருக்கும். நம் வண்டியின் உயரத்தையும் அதே கணக்கில் ஒரு தாளில் எழுதி, ஸ்டீயரிங் பக்கத்தில் கண்ணில் படும்படி ஒட்டிவிடுவோம்.

அடுத்தது சிலிண்டர். மேற்கிலிருந்து மன்ஹாட்டனுக்குள் வர ஹட்சன் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றுக்கு அடியில் இரண்டு சுரங்கப்பாதைகள்: 1927-இல் திறந்த ஹாலண்ட், 1937-இல் திறந்த லிங்கன். இரண்டிலும் புரொப்பேனோடு போகக் கூடாது. “வால்வை மூடிவிட்டோமே” என்று சொல்லிப் பயனில்லை. சிலிண்டர் உள்ளே வருவதே தடை. காரணம் எளிது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். ஆற்றடிச் சுரங்கத்தைவிடத் தாழ்ந்த இடம் வேறு ஏது? மூடிய குழாய்க்குள் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் நேரில் பார்த்திருக்கிறது. 1949 மே மாதம், கார்பன் டைசல்பைடு ஏற்றிய லாரி ஒன்று ஹாலண்ட் சுரங்கத்துக்குள் தீப்பிடித்தது. மேற்கூரையே பெயர்ந்து விழுந்தது, புகையில் சிக்கிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

பாலங்களிலும் பார்த்துத்தான் போக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு இரண்டு தளங்கள். அளவான சிலிண்டரோடு மேல் தளத்தில் போகலாம், கீழ்த்தளத்தில் கூடாது. 1883-இல் திறந்த புரூக்ளின் பாலத்தில் 6,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,700 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. நம் வீடு அதைவிட நன்றாகவே எடை கூடியது.

எப்படியோ உள்ளே வந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். நீளமான ஆர்.வி.யில் பின் சக்கரத்துக்குப் பின்னாலும் பல அடி உடம்பு இருக்கிறது. நாம் வலப்பக்கம் திருப்பினால் அந்த வால் இடப்பக்கம் வீசும். பக்கத்தில் நிற்கும் டாக்ஸியின் கண்ணாடி போய்விடும். பார்க்கிங் கட்டடங்களின் வாசல் கார் நுழையும் உயரம்தான். தெருவோரத்தில் 30 அடி காலியிடம் கிடைக்காது. போதாததற்கு, 2025 ஜனவரியிலிருந்து மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழைவதற்கே கட்டணம்.

சரி, வீட்டை எங்கே நிறுத்துவது? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். நியூயார்க்குக்கு ஒரு நல்ல உதாரணம் குரோட்டன் பாயின்ட் பூங்கா. ஊருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், ஹட்சனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் வெஸ்ட்செஸ்டர் கவுண்டி நடத்தும் பூங்கா. ஆர்.வி. நிறுத்தி வைத்துத் தங்க இடம் உண்டு. குரோட்டன்-ஹார்மன் ரயில் நிலையம் நடக்கிற தூரம். மேற்கிலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் நுழையாமலே, 287-ஆம் நெடுஞ்சாலையில் வந்து, மரியோ குவோமோ பாலத்தில் ஆற்றைக் கடந்து, 9-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பலாம். சுரங்கம் இல்லை, பார்க்வே பக்கம் தலைவைக்கவும் வேண்டாம்.

மறுநாள் காலை வீட்டைப் பூட்டிவிட்டு மெட்ரோ-நார்த் ரயிலைப் பிடிப்போம். அலுவலக நேரம் தாண்டிப் போனால் டிக்கெட் மலிவு; ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், ரயிலுக்குள் வாங்கினால் கூடுதல் பணம். வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பாதி வழிக்கு மேல் ஆறு கூடவே வரும். டாரிடவுனில், நேற்று வண்டியோடு கடந்த அதே பாலத்துக்கு அடியில் ரயில் போகும். அக்கரையில் பாலிசேட்ஸ் பாறைச்சுவர் எழும். ஹார்லெம் தாண்டியதும் ரயில் பார்க் அவென்யூவுக்கு அடியில் இறங்கும். ஒரு மணி நேரம் முன்பின் ஆகும், கிராண்ட் சென்ட்ரலில் நிற்போம்.

அங்கிருந்து ஊர் முழுக்கச் சப்வே. 4 அல்லது 5-ஆம் எண் ரயிலில் தெற்கே போய் பௌலிங் கிரீனில் இறங்கினால், சுதந்திர தேவி சிலைக்குப் போகும் படகுத்துறை பக்கத்திலேயே. ஸ்டேட்டன் தீவுப் படகும் அருகில்தான். அதற்குக் கட்டணமே இல்லை, சிலையைத் தூரத்திலிருந்து பார்த்தபடி போய்வரலாம். 7-ஆம் எண் ரயிலில் கிழக்கே கடைசி நிலையம் வரை போனால் ஃபிளஷிங். 1977-இல் கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையார் கோயில் அங்கே இருக்கிறது. கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கும். கால் ஓய்ந்து ராத்திரி திரும்பினால் நம் தலையணை, நம் அடுப்பு, நாம் வைத்த ரசம். குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் போகிறவர்களுக்கு இது ஹோட்டல் தராத வசதி.

வேறு பெருநகரங்களுக்கும் இதே வழிதான். வாஷிங்டன் போனால், மேரிலாந்தில் தேசியப் பூங்காத் துறை நடத்தும் கிரீன்பெல்ட் பூங்காவில் தங்கி, மெட்ரோ ரயிலில் ஊருக்குள் போகலாம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பலர் முதலில் வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டுப் பிறகு இடம் தேடுகிறார்கள். நாம் வரிசையை மாற்றுவோம். முதலில் ரயில் நிலையம், அதற்குப் பக்கத்தில் கேம்ப்கிரவுண்டு, அங்கே இடம் பதிவு செய்த பிறகு அந்த இடத்துக்குப் பொருந்தும் நீளத்தில் வண்டி, கடைசியாக அந்த வண்டியின் உயரத்துக்கும் சிலிண்டருக்கும் ஏற்ற வழி. கோடையில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.