ஐந்தாவது சனிக்கிழமை

டீ ஆறட்டும் தம்பி, முதலில் அந்தத் தண்டல் அட்டையை இப்படிக் கொடு. பத்தாயிரம் என்று போட்டிருக்கிறது. உன் கைக்கு வந்தது எவ்வளவு? 8,500. மீதி 1,500-ஐ வட்டி என்று முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூத்துக்குப் பதினஞ்சு ரூவாதானே அண்ணாச்சி" என்கிறாய். இடறுகிற இடமே அதுதான்.

அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் உன்னிடம் இருப்பதில்லை. மறுநாளே குறைய ஆரம்பிக்கிறது. ஐம்பதாம் நாள் ஏறக்குறைய பாதி, நூறாம் நாள் ஒன்றுமில்லை. சராசரி போட்டால் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு 1,500 வட்டி கொடுத்திருக்கிறாய். வருஷக் கணக்கில் அது 120 சதவீதத்தைத் தாண்டும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. பத்து ரூபாய் வட்டிக்கு ஒருவர் கடன் தருகிறேன் என்று வந்தால் நீ வாசலைக் காட்டியிருப்பாய். நாளைக்கு நூறு என்றதும் கையை நீட்டிவிட்டாய்.

"அப்போ வீட்டுல இருக்கிற நகையை வச்சு இதை இன்னிக்கே அடைச்சிரவா?"

வேண்டாம். எல்லோரும் அவசரப்பட்டுச் செய்கிற காரியம் இது. வட்டியைத் தண்டல்காரர் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இன்றைக்கே முடித்தாலும் பாக்கி நாட்களுக்கான நூறு நூறு ரூபாயைக் குறைக்காமல்தான் கேட்பார். கொஞ்சம் தள்ளிக் கொடுப்பதாகச் சொன்னால் யோசிக்கலாம். இல்லையென்றால் அது ஓடி முடியட்டும். நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது எழுபதாம் நாள் வாக்கில். "அண்ணே, ஒழுங்கா கட்டுறீங்க, புதுசு போட்டுக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். புதுப் பத்தாயிரத்தில் பழைய பாக்கி 3,000, வட்டி 1,500 இரண்டையும் கழித்து 5,500 கையில் தருவார்கள். அந்த 5,500-க்காக நீ கூடுதலாகக் கட்டப்போவது 7,000. பழைய தண்டலில் கடைசி முப்பது நாளுக்கும் சேர்த்து முன்பணமாகக் கொடுத்த வட்டி வேறு போயே போயிற்று. ஒரு தண்டலால் குடும்பம் சாய்வதில்லை. எழுபதாம் நாள் புதுப்பித்து, மறுபடி எழுபதாம் நாள் புதுப்பித்து, வருஷம் முழுக்க அட்டை மாறிக்கொண்டே இருப்பதால்தான் சாய்கிறது.

இப்போது வரவு செலவுக்கு வருவோம். மாத பட்ஜெட் போடச் சொல்கிற புத்தகங்கள் எல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எழுதியவை. ராஜபாளையம் மில்லில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது பொருந்தலாம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிற உனக்குச் சனிக்கிழமைதான் கூலி. உன் மனைவி தளவாய்புரம் நைட்டி தைக்கிறாள் என்றால் அதுவும் எத்தனை பீஸ் முடித்தாளோ அத்தனைக்கு வாரக் கணக்கு. வரவு வாரத்தில், வாடகையும் தவணையும் மாதத்தில். இரண்டுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தைத்தான் தண்டல்காரர் நிரப்புகிறார்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்: உனக்கு வாரம் 4,000, அவளுக்கு 1,500, ஆக 5,500. மாதச் செலவில் கட்டாயமானதை எழுது. வாடகை 3,000, மகளிர் குழுக் கடன் தவணை 2,200, தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று ரூபாய் வட்டியில் வாங்கிய 50,000-க்கு வட்டி 1,500, கேஸ் 900, போனும் கேபிளும் 500, கரண்டு 300. கூட்டினால் 8,400. இதை நான்கால் வகு, 2,100. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் இந்த 2,100-ஐ மனைவியிடம் தனியாகக் கொடுத்துவிடு. அதைத் தொடக்கூடாது. தண்டலுக்கு வாரம் 700. மிச்சம் 2,700-ல்தான் அரிசி பருப்பு, பால், பிள்ளைகள், பெட்ரோல், இந்த டீ எல்லாம்.

ஏன் நான்கால் வகுக்கச் சொல்கிறேன்? வருஷத்தில் 52 வாரம், மாதமோ 12. நாலு வாரம் வீதம் பார்த்தால் 48தான் கணக்கில் வருகிறது. மீதி நான்கு வாரம் எங்கே ஒளிந்திருக்கிறது? ஐந்து சனிக்கிழமை வருகிற மாதங்களில். அந்த ஐந்தாவது சனிக்கிழமை சாப்பாட்டுச் செலவு உண்டு, ஆனால் வாடகை, தவணை எல்லாம் ஏற்கெனவே நாலு வாரத்தில் சேர்ந்துவிட்டன. 2,100 யாருக்கும் கடமைப்படாத பணமாக நிற்கும். நாலு தடவை சேர்த்தால் 8,400. இத்தனை நாளும் அது வராமலா இருந்தது? வந்தது, ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோதோ வேறு எதிலோ கரைந்தது. காலண்டரை எடுத்து ஐந்து சனி வருகிற மாதங்களை இன்றைக்கே வட்டம் போட்டு வை.

இந்தத் தண்டலை எதற்கு வாங்கினாய்? ஒரு வாரம் பாவு வரவில்லை, தறி நின்றது, அதே வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். அப்படியென்றால் தண்டல் முடிந்ததும் அந்த வாரம் 700-ஐ வேறு கடனில் போடாதே. முதல் ஏழு வாரத்துக்குத் தனியாக எடுத்து வை. கிட்டத்தட்ட 5,000 சேரும். வட்டிக்கடன் இருக்கும்போது சும்மா பணம் வைத்திருப்பது முட்டாள்தனம் என்று படித்தவர்கள் சொல்வார்கள், வட்டிக் கணக்கில் அது சரிதான். ஆனால் அந்த 5,000 இல்லாததால்தான் பத்து ரூபாய் வட்டிக்குப் போனாய்.

அதற்குப் பிறகு மூன்று ரூபாய் வட்டிக் கடன். வருஷத்துக்கு 18,000 கட்டுகிறாய், அசலில் ஒரு பைசா குறையவில்லை. மூன்று வருஷத்தில் கட்டிய வட்டி 54,000, வாங்கிய அசலையே தாண்டிவிட்டது. "கொஞ்சம் கொஞ்சமா அசல்ல கழிச்சுக்கங்க" என்றால் அவர் ஒப்ப மாட்டார், மொத்தமாகக் கொண்டா என்பார். மாதா மாதம் 1,500 வாங்குகிறவர் அதை ஏன் கெடுத்துக்கொள்வார்? நகையை வைக்க வேண்டிய இடம் இதுதான். இன்றைய தங்க விலையில் ஒரு பவுனே 50,000-க்குப் போதும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வை. வருஷத்துக்கு 12 சதவீதம் என்றே வைத்தாலும், அதாவது ஒரு ரூபாய் வட்டி, மாதம் 500தான். மிச்சம் ஆயிரம். அதைவிடப் பெரிய லாபம், அங்கே ஆயிரம் ஆயிரமாக அசலில் கட்ட முடிகிற திட்டம் உண்டு. வைக்கும்போதே அதைக் கேட்டு வாங்கு. தெருவுக்குத் தெரு இருக்கிற தனியார் நகைக்கடன் கடைகளில் பணம் பத்து நிமிஷத்தில் கிடைக்கும். வட்டியையும், எத்தனை மாதத்தில் ஏலம் என்பதையும் முதலில் படி.

தண்டல் முடிந்த பின் ஒரு வருஷத்தை எடுத்துக்கொள். கையிருப்புக்கு ஏழு வாரம் போக மீதி 45 வாரத்துக்கு 31,500. ஐந்தாவது சனிக்கிழமைகள் 8,400. அவளுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது என்றால், அவள் சம்மதித்தால், 12,000. மொத்தம் 51,900. ஐம்பதாயிரம் அடைந்துவிடுகிறது. தாளில் இவ்வளவு அழகாக முடிகிற கணக்கு வீட்டில் இரண்டு மூன்று மாதம் இழுக்கும், இழுக்கட்டும்.

இதில் டீயை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, கவனித்தாயா? கோடையில் நம்மூர்ச் சப்பட்டை மாம்பழம் வாங்காதே என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. சின்னச் செலவை நெறிக்கச் சொல்கிறவர்கள் பெரிய ஓட்டையைப் பார்ப்பதில்லை. கேட்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்கிறேன்: வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர்? இரண்டா? 140-க்குக் கீழே எதுவும் கிடைக்காது. நாலு வாரத்துக்கு 1,120. அரசாங்கம் அவளுக்குக் கொடுக்கிற ஆயிரத்தை நீ அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்து, மேலே 120-ம் போடுகிறாய். சரி, இதற்கு மேல் சொல்லவில்லை.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வந்திருக்கிறது என்று தெரிந்த அன்றே வாங்கிவிட வேண்டும். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போக டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, பைக்கை எடுக்காதே. கரண்டுக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்ட விடாதே. தாண்டினால் மேலே ஓடியதற்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் கிடைக்கிற சலுகை விலையும் போய்விடும். தவணையில் போன் வேண்டாம். இவ்வளவுதான், இதற்கு மேல் கஞ்சத்தனம் பண்ணினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

ஆனால் செய்முறை, அதாவது விசேஷ வீட்டு மொய். விருதுநகர் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் பட்ஜெட் போடுகிறவர் வெளியூர்க்காரர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் பத்திரிகை வந்து குவியும். மச்சான் வீட்டு விசேஷம் என்றால் நூற்றியொன்றில் நிற்குமா? அதற்காகத்தான் பாதிப் பேர் மறு தண்டல் போடுகிறார்கள். உன் வீட்டுச் செய்முறை நோட்டை எடு. யார் எவ்வளவு செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. அது அத்தனையும் நீ திருப்பித் தர வேண்டிய கடன், வட்டியில்லாத கடன். வட்டியில்லாக் கடனைத் திருப்ப 120 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவது என்ன நியாயம்? அவர் 501 செய்திருந்தால் நீயும் 501 செய். மேலே போட்டுச் செய்வதை இந்தக் கடன் முடியும்வரை நிறுத்திவை. யார் வீட்டில் பெண் வளர்கிறாள், யார் வீடு கட்டுகிறார் என்பதெல்லாம் ஆறு மாதம் முன்னாலேயே ஊருக்குத் தெரிந்ததுதான். வாரம் 150 ஒதுக்கினால் முகூர்த்த மாதம் வரும்போது கை வெறுமையாக இருக்காது. முறைத்துக்கொள்கிற உறவு ஒன்றிரண்டு இருக்கும். அவர்களில் யாரும் உன் தண்டலைக் கட்டப்போவதில்லை.

அவளுடைய குழுக் கடனில் கை வைக்காதே. நீ தவறினால் பக்கத்து வீட்டு அக்கா உனக்காகக் கட்ட வேண்டியிருக்கும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து இந்த நுண்கடன்களுக்கு விதி போட்டிருக்கிறது. வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுகிற மாதிரி கொடுக்கக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிட்டு வசூல் கேட்பது செய்யக் கூடாதவற்றில் ஒன்று. வசூலுக்கு வருகிற பையன் இதை உனக்குச் சொல்ல மாட்டான்.

மிரட்டல் வந்தால் தனியாகத் தாங்காதே. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. மூன்று வருஷம் வரை சிறை. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை நாம் பார்த்தோம். மனுக் கொடுத்தால் போதாது, பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்க வேண்டும். நம் மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அங்கே சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மில் தொழிலாளி எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பார்.

கடைசியாக ஒன்று. 50,000 வாங்கியபோது புரோநோட்டில் கையெழுத்துப் போட்டாயே, தொகை எழுதியிருந்ததா, வெறுமையா? வெறுமையா! சரி. மொத்தமாக அடைக்கிற அன்று பணத்தை முதலில் நீட்டாதே, நோட்டு மேஜைக்கு வரட்டும். கூட வெற்றுக் காசோலை, ஏடிஎம் அட்டை ஏதாவது கொடுத்திருந்தால் அதுவும். முடிந்தால் பணத்தை வங்கி வழியாக அனுப்பு. "நோட்டு எங்கேயோ கிடக்கு, அப்புறம் தர்றேன்" என்றால், எழுந்து வந்துவிடு. கிடைத்ததும் சந்தோஷத்தில் கிழித்துப் போடாதே. குறுக்கே இரண்டு கோடு போட்டு, பைசல் என்று எழுதி, தேதியோடு அவர் கையெழுத்தை வாங்கி, ரேஷன் கார்டு இருக்கிற பையிலேயே வைத்திரு.