சூரியனைக் கேட்டு ஒரு விண்ணப்பம்

அணுக்கரு இணைவு ஆராய்ச்சியில் ஆசைப்படும் மாணவர்கள் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்? பதில் எளிது, பாதைதான் நீளம்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டாம், இயற்பியல் போதும் என்றாலே வீட்டில் முகங்கள் மாறும். சூரியனில் நடப்பதைப் பூமியில் நடத்தி மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக்குப் போகப் போவதாகவும் சேர்த்துச் சொன்னால், அடுத்த கேள்வி நிச்சயம்: "அதெல்லாம் எப்போது நடக்கும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1955இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தி எடுக்கும் வழி 20 ஆண்டுகளில் பிறந்துவிடும் என்று கணித்தார். 70 ஆண்டுகள் ஓடிவிட்டன. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது கனமான அணுக்கருவைப் பிளக்கும் வேலை. லேசான அணுக்கருக்களை ஒட்டவைக்கும் இணைவிலிருந்து இன்னும் ஒரு வீட்டுக்குக்கூட மின்சாரம் போகவில்லை.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் சரியல்ல. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். லேசர்களை இயக்கப் பிடித்த மின்சாரம் இதைவிடப் பல மடங்கு என்பது வேறு கதை. 2025 பிப்ரவரியில் பிரான்சின் 'வெஸ்ட்' கருவி, கொதிக்கும் பிளாஸ்மாவை 22 நிமிடங்களுக்கு மேல் காந்தப் புலத்தில் கட்டிவைத்தது.

இந்தியாவில் இந்தத் துறையின் முக்கிய விலாசம் காந்திநகர் அருகே பாட் கிராமத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். 18 வயதில் டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய பிரதிமான் காவ், அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலிருந்து 1982இல் திரும்பி வந்து தலைமையேற்ற திட்டமே பின்னர் இந்த நிறுவனமாக வளர்ந்தது. 1989இல் இங்கே 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. டோகமாக் எனப்படும் வடை வடிவக் காந்தக் கூண்டுகளில் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் கருவி அது. அடுத்து வந்த எஸ்.எஸ்.டி.-1, பிளாஸ்மாவை 1,000 விநாடி தாங்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. முதல் பிளாஸ்மா 2013இல்தான் வந்தது. அதன் பிறகும் ஒரு விநாடியை எட்டவே திணறியது. இங்கே வேலைக்கு வர விரும்பும் மாணவர் இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. அவருக்கான வேலையே அதில்தான் இருக்கிறது.

சரி, விண்ணப்பம்? 'ஃப்யூஷன்' என்ற பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைவது வீண். 'நியூக்ளியர் இன்ஜினீயரிங்' என்ற பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் பிளவு உலைகளைப் பற்றி. கேட்க வேண்டியது வெறும் இயற்பியல். புவனேஸ்வரத்தின் நைசரும் மும்பையின் அடிப்படை அறிவியல் மையமும் 'நெஸ்ட்' தேர்வு மூலம் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.க்கு மாணவர்களை எடுக்கின்றன. ஐசர்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. எதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, 'ஜாம்' எழுதி ஐ.ஐ.டி.க்குப் போகலாம். இந்தக் கடைசி வழியை மட்டமாக நினைக்க ஒரு காரணமும் இல்லை, கல்லூரியில் ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்காத வரை.

பிரிட்டனில் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடுபவர், இந்தப் பாடம் ஏன் வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். இங்கே முதல் ஐந்து ஆண்டுகளுக்கு யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்பது மதிப்பெண். அந்தக் கேள்வி பிஎச்.டி. வாசலில்தான் வருகிறது. அங்கே போக 'ஜெஸ்ட்' போன்ற தேர்வு, பிறகு நேர்முகம். மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், வெப்ப இயக்கவியல் ஆகியவற்றில் கால் ஊன்றாதவரைச் சூரியனின் மீதுள்ள காதல் காப்பாற்றாது.

இயற்பியல் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. பிரான்சில் இந்தியா உட்பட உலக நாடுகள் சேர்ந்து கட்டும் 'ஈட்டர்' உலையில் பிளாஸ்மாவின் வெப்பம் 15 கோடி டிகிரி. சில மீட்டர் தள்ளி இருக்கும் மீக்கடத்திக் காந்தங்களோ மைனஸ் 269 டிகிரியில் உறைந்திருக்க வேண்டும். அதை மூடும் 3,850 டன் எஃகுக் கலத்தின் பாகங்கள் குஜராத்தின் ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ ஆலையில் உருவானவை. வெற்றிடம், குளிரியல், வெல்டிங், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு என்று இன்ஜினீயர்களுக்கும் இங்கே இடம் உண்டு. வீட்டில் இன்ஜினீயரிங்தான் என்று பிடிவாதம் பிடித்தால் கதவு சாத்திக்கொள்ளாது.

வயதுக் கணக்கு மட்டும் உறுத்தும். 2026இல் 18 வயதில் கல்லூரியில் சேருபவருக்கு, ஈட்டர் ஆராய்ச்சியைத் தொடங்குவதாகச் சொல்லும் 2034இல் வயது 26, பிஎச்.டி. நடுவில் இருப்பார். உண்மையான எரிபொருளான டியூட்டீரியம்-டிரிட்டியத்தை நிரப்ப 2039 என்று நாள் குறித்திருக்கிறார்கள், அப்போது 31. பிளாஸ்மா நிறுவன விஞ்ஞானிகள் 2025இல் முன்வைத்த யோசனைப்படி இந்தியாவின் மாதிரி மின் உலை 2060இல், அப்போது 52. இந்தத் தேதிகள் தள்ளிப்போகாமல் இருந்தால்! ஈட்டரின் தேதிகள் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போனவை.

ஓய்வு பெறும்வரை உலை வராவிட்டால் படித்ததெல்லாம் என்ன ஆகும்? சிப் தயாரிக்கும் ஆலைகளில் சிலிக்கான் தகட்டைச் செதுக்குவது பிளாஸ்மாதான். பாட் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு, ஆஸ்பத்திரிக் கழிவுகளைப் பிளாஸ்மாவில் சிதைக்கும் கருவியைச் செய்திருக்கிறது. அங்கோரா முயலின் ரோமம் வழுக்காமல் நூலாக நிற்க அதன்மீது பிளாஸ்மாவைப் பாய்ச்சுவதும் அங்கே உருவான முறைதான்.