பீரங்கிச் சின்னமும் ஒரு விளம்பர வாசகமும்

புல்லட் 350 மோட்டார் சைக்கிள்
சென்னை, திருவொற்றியூர் தயாரிப்பு. இந்தியாவில் இவ்வகை 1955 முதல்

வண்டியில் உள்ள பீரங்கிச் சின்னத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், முதலில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுத்தது. அந்தத் தொடர்பையே விளம்பரமாக்கி, 'துப்பாக்கியைப் போலச் செய்தது' என்று சொல்லிக்கொண்டது. முதல் மோட்டார் சைக்கிள் வந்தது 1901-இல். 'புல்லட்' என்ற பெயர் 1932-இல். துப்பாக்கி என்றவர்கள் பிறகு குண்டையும் விடவில்லை!

ஆயுதத்தைக் காட்டி ஆசையைத் தூண்டுவது ஒரு வழி. பெண்ணைக் காட்டுவது இன்னொன்று. 1970-களில் அமெரிக்க இதழ்களில் வந்த நார்டன் கமாண்டோ விளம்பரங்களில், வண்டிக்கு அருகே குட்டை உடையில் ஒரு பெண் நிற்பார். இன்று அச்சிடத் தயங்கும் படங்கள்தான். ஆனாலும் பழைய வண்டிப் பிரியர்கள் அந்தப் பக்கங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த வேலையைச் சினிமா செய்தது. 1973-இல் வெளியான 'பாபி' இந்திப் படத்தில் ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் சென்ற சிறிய ராஜ்தூத், படத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டது.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கடியப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று முதலில் தின்பது இதன் குரோம் பூச்சை; அதைத் துடைத்துத் துடைத்தே காப்பாற்ற வேண்டும்.

தயவுசெய்து வண்டியில் ஏறி அமர வேண்டாம்.