முதல் மாத வட்டி

முன்பே தெரிந்திருந்தால்... – 11

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வேங்கிக்கால் வந்துவிடும். மலை சுற்ற வரும் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் மட்டும் வேறொரு கூட்டம் இங்கே வந்து இறங்கும். செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று மாவட்டத்தின் நாலா மூலையிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள். கையில் மஞ்சள் பை, பைக்குள் மனு, மனுவோடு இணைத்த ஜெராக்ஸ் காகிதங்கள். கலெக்டர் ஆபீஸில் அன்று மக்கள் குறைதீர்வு நாள்.

பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, அடைத்து வைத்த வண்டிப்பாதை ஆகியவைதான் மனுக்களில் பெரும்பகுதி. இடையிடையே இன்னொரு வகை மனுவும் வரும். கட்டிய பணத்தை மீட்டுத் தரவேண்டும் என்று கேட்கும் மனு. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, 'டெபாசிட்' என்று பெயர்தான் மாறும். இந்த மாவட்டத்தில் அப்படி ஏமாந்தவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அவர்கள் முன்பே என்ன தெரிந்துவைத்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

2022 மே மாதம் சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் சோதனை நடத்தினார்கள். ஆரணி, செய்யாறு பக்கமும் கிளை பரப்பியிருந்த நிறுவனம் அது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லிப் பணம் வாங்கியதாக வழக்கு. சுமார் ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் என்பது போலீஸ் தரப்பின் கணக்கு. அதே ஆண்டில், பக்கத்து மாவட்டமான வேலூரில் காட்பாடியை மையமாக வைத்து இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிறுவனமும் சிக்கியது. அங்கே சொல்லப்பட்ட தொகை 6,000 கோடியைத் தொட்டது. சென்னையில் ஹிஜாவு, அங்கே மாதம் 15 சதவீதம். ஒரே ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று.

செய்தி வந்ததும் டீக்கடையில் எல்லோரும் சொன்ன விளக்கம் ஒன்றுதான்: பேராசை. படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள். இந்த விளக்கத்தில் ஒரு வசதி உண்டு. சொல்பவர் தன்னை அந்தப் பட்டியலிலிருந்து சுலபமாக விலக்கிக்கொள்ளலாம். ஆனால் ஏமாந்தவர்களில் பலர் முதலில் நம்பாதவர்கள். மச்சான் போட்டபோது திட்டியவர்கள். 'ஓடிப்போய்டுவான் பாரு' என்று ஆறு மாதம் காத்திருந்தவர்கள். அவர்களை உள்ளே இழுத்தது ஆசை என்பதைவிட, சாட்சி என்பதுதான் சரி. மச்சானுக்கு முதல் மாதம் பணம் வந்தது. இரண்டாம் மாதமும் தேதி தவறாமல் வந்தது. நாலாம் மாதம் அவன் வாசலில் புது வண்டி நின்றது. சந்தேகப்பட்டவர், தன் சந்தேகம்தான் தப்பு என்று முடிவுகட்டி, மனைவியின் நகையை அடகுக் கடையில் வைத்தார். முதலில் போட்டவர் சின்னத் தொகையோடு சிக்கினார். யோசித்து யோசித்துக் கடைசியில் போட்டவர்தான் பெரிய தொகையோடு சிக்கினார்.

ஆக, முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது: வட்டி ஒழுங்காக வருவது எதற்குமே சாட்சி இல்லை. வாங்கிய பணத்திலிருந்தே அந்த வட்டியைக் கொடுக்க முடியும். ஒருவரிடம் ஒரு லட்சம் வாங்கி, அதிலிருந்தே மாதம் முப்பதாயிரத்தை அவரிடம் நீட்டினால் மூன்று மாதம் தாராளமாக ஓடும். நாலாம் மாதத்துக்கு அடுத்த ஆள் வேண்டும். அந்த அடுத்த ஆளைக் கூட்டிவரும் வேலையை வட்டி வாங்கியவரே சம்பளமில்லாமல் செய்துவிடுவார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். வட்டி மாதம் 30 சதவீதம். நிறுவனத்துக்கு வேறு எந்த வருமானமும் இல்லை, புதிதாக வருபவர் பணத்தில்தான் பழையவருக்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் ஒரு பைசாகூட எடுக்காத உத்தமர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் உறுப்பினர் எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் முப்பது சதவீதம் வளர்ந்தாக வேண்டும். ஓராண்டு முடிவில் சுமார் 2,330 பேர். இரண்டாண்டில் 54,000 பேர். 39-ஆம் மாதம் 27 லட்சத்தைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை, கைக்குழந்தை உட்பட, 24.64 லட்சம்தான்.

இந்தக் கணக்குக்கு ஆறாம் வகுப்புப் பெருக்கல் போதும். ஆனால் 'கம்பெனி தங்கத்தில் போடுகிறது', 'வெளிநாட்டில் டிரேடிங் செய்கிறது' என்று நடுவில் ஒரு பொருளைக் காட்டிவிட்டால் பெருக்கிப் பார்க்கத் தோன்றாது. 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னபோது, தபால் கூப்பன்களைக் காட்டினார். நம் ஊரில் காட்டிய பொருள் இரண்டு காலில் நடந்தது.

பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸை மறந்திருக்க முடியாது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமு குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் அவர்களே தருவார்கள். வளர்த்துக் கொடுப்பதற்கு மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 போனஸ். கூட்டினால் ஆண்டுக்கு 92,000. போட்ட பணத்தில் அறுபது சதவீதத்துக்கும் மேல். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். ஆடு மாடு வளர்த்துப் பழகிய கொங்கு விவசாயி ஏமாறச் சுலபமான ஆள் கிடையாது. பருத்தியோ மஞ்சளோ விற்கும்போது எந்த மண்டியில் என்ன விலை என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் வண்டி ஏற்றமாட்டார். அதே ஆள், ஈமு கறியை யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், எந்தக் கடையில் கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க அவசியமே வரவில்லை. ஆறாயிரம்தான் மாதா மாதம் வந்துகொண்டிருந்ததே! 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. நிறுவனத்தார் தலைமறைவானார்கள். கொட்டகையில் பசியோடு நின்ற பறவைகளுக்குத் தீவனம் போடும் பொறுப்பு கடைசியில் அரசின் கால்நடைத்துறை தலையில் விழுந்தது.

வட்டி அதிகமாக இருந்தால்தானே மோசடி, நியாயமான வட்டி என்றால் பயமில்லை என்று ஒரு சாரார் நினைப்பதுண்டு. நியூயார்க்கில் முதலீட்டு நிறுவனம் நடத்தி ஏமாற்றிய பெர்னார்ட் மேடாஃப் யாருக்கும் மாதம் முப்பது சதவீதம் தருவதாகச் சொல்லவில்லை. ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு என்று அடக்கமாகத்தான் காட்டினார். பங்குச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய லாபம் மட்டும் ஒரே சீராக இருந்தது. ஹாரி மார்க்கோபொலோஸ் என்ற நிதி ஆய்வாளர் அந்தச் சீர்தான் சந்தேகம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு எழுதிக்கொடுத்தார். 2008 டிசம்பரில் மேடாஃப் மோசடியைத் தானாகவே ஒப்புக்கொள்ளும்வரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. உண்மையான தொழிலில் ஒரு மாதம் விற்கும், ஒரு மாதம் படுக்கும். ஆரணியில் பட்டு நெய்பவருக்கு ஐப்பசியும் ஆடியும் ஒன்றா? வருடம் முழுக்க ஒரே தேதியில் ஒரே தொகை தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய தொழிலுக்கு ஆடி மாதமே கிடையாதா என்று கேட்டிருக்கலாம்.

கிராமத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்ற கணக்குதான். ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். விதைப்புக்கு மூன்று வட்டி, கல்யாணத்துக்கு ஐந்து வட்டி, அவசரத்துக்கு மீட்டர் வட்டி என்று வாழ்நாள் முழுக்கக் கொடுத்துப் பழகியவருக்கு, பெரிய வட்டி என்பது உலகத்தில் நடக்கும் விஷயம்தான். 'நாம கொடுக்கிறோமே, அதை வாங்குறவன் எவனோ ஒருத்தன் இருக்கான்ல? இந்த ஒரு தடவை நாம அந்தப் பக்கம் நிக்கலாம்' என்று அவர் நினைத்ததைப் பேராசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகப் படவில்லை.

பணம் கேட்டு வந்தது யார் என்பதும் முக்கியம். இந்த நிறுவனங்களுக்கு டி.வி. விளம்பரத்தைவிட ஏஜெண்டுகள்தான் பலம். ஏஜெண்ட் என்றால் வெளியூர்க்காரர் இல்லை. அக்கா வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர், பையனுக்குப் பாடம் எடுத்த வாத்தியார். அவரும் தன் பணத்தைப் போட்டிருப்பார். பல சமயம் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். அவருக்குக் கமிஷன் உண்டு என்பது மட்டும் பேச்சில் வராது. கம்பெனி மூடியதும், ஊரில் கைக்கு எட்டுகிற ஒரே ஆள் அவர்தான். பணம் போனதோடு அந்த உறவும் போய்விடுகிறது. வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைப்பதா வேண்டாமா என்பது வரை அது நீளும். 'உங்களுக்கு இதில் கமிஷன் எவ்வளவு மாமா?' என்று சிரித்துக்கொண்டே முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருக்க வாய்ப்புண்டு. உறவுக்குள் அப்படிக் கேட்பது நம்மிடம் வழக்கமில்லை.

ஆளைப் பார்த்துப் பணம் போடும் வழக்கம் படிக்காதவர்களோடு நிற்பதும் இல்லை. 1906 அக்டோபர் 22 அன்று மதராஸில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்று வணிக நிறுவனங்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிய காலம் அது. வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், விதவைகள், பென்ஷன்காரர்கள் என்று தென்னாட்டின் சேமிப்பு அங்கே கிடந்தது. வெள்ளைக்கார துரை, அதுவும் 'சர்' பட்டம் வாங்கியவர் நடத்தும் கம்பெனி. அதற்குமேல் என்ன விசாரிப்பது? லண்டனில் இருந்த கூட்டாளி மெக்ஃபேடியன் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் பணத்தை இறைத்துவிட்டு ரயில் முன் விழுந்து இறந்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

அழுது ஓய்ந்ததோடு விடாமல், பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் நகரத்தார்களையும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வங்கியைத் தொடங்க முனைந்தார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பிறந்தது. ஒரு துரையின் பெயரை நம்பிய இடத்தில், பங்குதாரர்களும் இயக்குநர் குழுவும் தணிக்கையும் வந்தன. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இன்று முன்னோடி வங்கி அதுதான்.

இனி ஒரு எண். ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்று, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற தனியார் நிதி நிறுவனம் எதுவானாலும், ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்குமேல் வட்டி தரக்கூடாது. மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு. ஒரு ரூபாய் வட்டியைவிடச் சற்றே கூடுதல் என்று ஊர்க் கணக்கில் சொல்லலாம். அதைத் தாண்டி ஒருவர் எவ்வளவு சொன்னாலும், சொல்லும்போதே விதியை மீறுகிறார் என்று அர்த்தம். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத்துறையில் பதிவு எண் இருக்கவேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். இவ்வளவு சின்னத் தகவல், ஏமாந்த பலருக்கும் வழக்குப் போட்ட பிறகுதான் தெரியவந்தது.

வழக்கின் வேகம் தனிக் கதை. முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும், மாவட்ட வருவாய் அலுவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி சொத்தைக் கையகப்படுத்துவார், சிறப்பு நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும், பிறகு ஏலம், பிறகு பங்கீடு. ரசீது வைத்திருப்பவருக்கும் வங்கி வழியாகப் பணம் அனுப்பியவருக்கும் கையில் ஆதாரம் இருக்கும். ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுத்து, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியவர் பாடு திண்டாட்டம். திங்கட்கிழமை மனுவோடு வருபவர்களை அதிகாரிகள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வியே 'ரசீது இருக்கா?' என்பதுதான்.

வங்கியில் போட்டால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. வட்டி ஆண்டுக்கு ஆறோ ஏழோ சதவீதம். ஊர்க் கணக்குக்கு மாற்றினால் ஐம்பது, அறுபது பைசா வட்டி. அதை விற்க எந்த மாமாவும் வீடு தேடி வரமாட்டார். அந்த டெபாசிட்டில் அவருக்குக் கமிஷன் இல்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: பத்திரம் எழுதாமல் கூட்டுக்கடை தொடங்கிய அண்ணன் தம்பிகள்