ஒரு பாவு தூரம்

மார்கழி பிறந்தால் எனக்கு நிம்மதி. மற்ற மாதங்களில் விடிகாலை நாலரை மணிக்கு ஆரணித் தெருவில் நானும் நாய்களும்தான். மார்கழியில் மட்டும் அந்த நேரத்துக்கு வாசலுக்கு வாசல் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். டீக்கடையில் பால் பொங்கியிருக்கும். ஊர்ப் பெண்களெல்லாம் விழித்திருக்கிற மாதத்தில், ஓடுகிறவளை யாரும் நின்று பார்ப்பதில்லை. சென்னை மாரத்தானை ஜனவரி முதல் வாரத்தில் வைத்தவர்கள் மார்கழியை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்கு அது தோதாகத்தான் இருக்கிறது.

நான் பட்டுத்தறி நெய்கிறவள். வயது 37. பெண் ஒன்பதாவது படிக்கிறாள், பையன் மூன்றாவது. வீட்டில் ஒரே ஒரு குழித்தறி, அதில் நானும் வீட்டுக்காரரும். ஆறு வருடமாக ஓடுகிறேன். சென்னையில் இரண்டு முறை அரை மாரத்தான் முடித்தாகிவிட்டது, 21.1 கிலோமீட்டர். வருகிற ஜனவரியில் முழுசு, 42.195.

குடும்பத்தையும் ஓட்டத்தையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. பதினைந்து வருடமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். பையன் பிறந்த இரண்டாம் மாதமே தறிக்குழியில் இறங்கினேன். குடும்பத்தையும் தறியையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கூலி வருகிற வேலைக்கு அந்தக் கேள்வி கிடையாது போலிருக்கிறது.

பதில் சொல்ல வேண்டுமென்றால் கோர்வையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கிழையை, அதாவது ஊடையை, ஓட்டுகிற நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் எவ்வளவு கைகாரராக இருந்தாலும் ஓரத்துக் கரைக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுத்தாக வேண்டும். அந்த ஆள் எழுந்து போனால் தறி நிற்கும். முன்பெல்லாம் அந்த இடத்தில் வீட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள். நானும் எட்டு வயதில் அப்பாவுக்கு அப்படி உட்கார்ந்தவள்தான். இப்போது வீட்டுக்காரர் நெய்ய, கோர்வைக்கு நான்; சில நேரம் மாறி உட்காருவோம். ஆகவே ஆறரைக்குத் தறியில் கால் வைப்பதற்குள் என் ஓட்டம் முடிந்துவிட வேண்டும். எந்த ஊரில் எந்தத் தாய் ஓடினாலும் அவள் பக்கத்தில் ஓர் ஆள் இப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் ஓட வந்தது தற்செயல். எதிர்வீட்டுப் பெண் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இருட்டில் மைதானத்துக்குத் தனியாகப் போக அவளுக்குப் பயம். "அக்கா, சும்மா துணைக்கு வந்து ஒக்காருங்க" என்றாள். நாலு நாள் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் பனி தாங்காமல் எழுந்து நடந்தேன். அடுத்த வாரம் அவளுக்குப் பின்னால் ஓடினேன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அவள் தேர்வாகிப் பயிற்சிக்குப் போய்விட்டாள். எனக்கு நாலு மணிக்குக் கண் விழிக்கிற பழக்கம் மிச்சமானது.

அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, முதலில் சிரித்தார். "யாரு தொரத்துறாங்கன்னு ஓடுற?" பிறகு ஒருநாள் தார் சுற்றிக்கொண்டே, ராட்டையை நிறுத்தாமல் சொன்னார்: "ரெண்டு புள்ள பெத்தவ. இப்படிக் குதிச்சினே போனா கர்ப்பப்பை எறங்கிடும்டி."

இது ஆரணிப் பேச்சு மட்டும் இல்லை என்று பிறகு மகளின் போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவிலும் இதையேதான் சொன்னார்கள். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் 261ஆம் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடியபோது, நடத்துகிறவர்களில் ஒருவர் முதல் சில மைல்களிலேயே பாய்ந்து எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். நெடுந்தூரம் ஓடினால் கர்ப்பப்பை விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள். பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல்தான். அதே 1984 ஜனவரியில், பிள்ளை பெற்று ஐந்து மாதமே ஆன நார்வேக்காரி இங்கிரிட் கிறிஸ்டியான்சன் ஹூஸ்டன் மாரத்தானில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு லண்டனில் 2 மணி 21 நிமிடம் 6 விநாடியில் ஓடி உலக சாதனையே செய்தார். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அவ வெள்ளக்காரி. அவளுக்குப் பத்தியம் போட்டிருப்பாங்க" என்றார்.

ஆனால் அத்தை சொன்னதைச் சுத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. பையன் பிறந்த பிறகு இருமினால், தும்மினால், மிதியை ஓங்கி மிதித்தால் எனக்குச் சிறுநீர் கசியும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற விஷயமா அது? ஓட ஆரம்பித்ததும் அதிகமானது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காதான் விளக்கினார். இடுப்பெலும்புக்கு அடியில், தூளி கட்டினாற்போல் தசைகள் இருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அந்தத் தூளிதான். சுமந்து பெற்றதில் அது தளர்ந்துபோகும். தளர்ந்த தூளியில் குழந்தையைப் போட்டு வேகமாக ஆட்டினால் என்ன ஆகும்?

சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளிழுத்துப் பிடித்து, பத்து எண்ணி விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. இதைச் செய்யத் தறிக்குழியைவிட நல்ல இடம் கிடையாது. நாடா கொடுத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருக்கிற புருஷனுக்குக்கூடத் தெரியாது. மூன்று மாதத்தில் கசிவு நின்றது. பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பிரசவமாகி மூன்று மாதத்துக்கு முன் ஓட்டத்தைத் தொடாதே, அதற்குப் பிறகும் கசிவோ, அடிவயிறு கனக்கிற உணர்வோ இருந்தால் நிறுத்து என்கிறது அது. சிசேரியன் ஆனவர்கள் தழும்பு ஆறியதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே வெட்டுப்பட்ட அடுக்குகள் ஆற நாளாகும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அப்படியென்றால் இது நம் தெருவில் பாதிப் பேருக்கான செய்தி.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 15 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதில் நானும் ஒருத்தி என்பது இரண்டாம் வருடம் தெரிந்தது. எட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் மூச்சு வாங்கும், படி ஏறினால் கண் இருட்டும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.2. எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடுகிற உடம்பு, மாதவிலக்கு, அதற்கு மேல் ஓட்டம். இரும்புச்சத்து மாத்திரை நாலு மாதம் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற வழக்கத்தை விட்டேன், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரைக்கு எலுமிச்சை பிழிந்துகொள்கிறேன். ஓடி வந்ததும் கேழ்வரகுக் கூழ், உப்புப் போட்ட மோர். இப்போது 12.1. புது ஷூவெல்லாம் அப்புறம். ஓட நினைக்கிற பெண் முதலில் வாங்க வேண்டியது இரத்தப் பரிசோதனைச் சீட்டு.

மகள் போனில் ஒருநாள் ஒரு படம் காட்டினாள். 2018இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நடந்த 170 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். வழியில் ஒரு தங்குமிடத்தில் சோபி பவர் என்ற ஆங்கிலேயப் பெண் உட்கார்ந்து மூன்று மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறார், இன்னொரு மார்பில் பால் கறக்கும் கருவி. காயம்பட்டால் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க அந்தப் பந்தயத்தில் வழி இருந்ததாம், கர்ப்பத்துக்குக் கிடையாதாம். விட்டால் இடம் போய்விடும் என்று ஓடினார். அதற்கு அடுத்த ஜனவரியில் ஜாஸ்மின் பாரிஸ் என்பவர் பிரிட்டனில் 431 கிலோமீட்டர் பந்தயத்தில், நடுநடுவே தன் 14 மாதக் குழந்தைக்காகப் பாலைக் கறந்து வைத்துக்கொண்டே, 83 மணி 12 நிமிடத்தில் ஆண்களையும் சேர்த்து முந்தி முதலாவது வந்தார். மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்கு அந்தப் படத்தில் என் தறிக்குழிதான் தெரிந்தது. ரவிக்கை நனைய நனைய, பாலில் பட்டு கறைபட்டுவிடக் கூடாதே என்று மார்பில் துண்டை அடைத்துக்கொண்டு நாடா போட்டிருக்கிறேன். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழை, கெட்டால் முதலாளிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மிதமாக ஓடினால் பால் வற்றாது, கெடவும் செய்யாது. ஊட்டிவிட்டு ஓடினால் மார்பும் கனக்காது. இதை அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வருடம் முன்னாலேயே ஆரம்பித்திருப்பேன்.

எனக்கு வாட்ஸ்அப்பில் அதிகம் வருவது மகாராஷ்டிராவின் பாராமதியைச் சேர்ந்த லதா கரே பாட்டியின் கதை. அறுபது வயதைத் தாண்டியவர். ஒன்பது கஜப் புடவையோடு மாரத்தானில் முதியோர் பிரிவில் மூன்று கிலோமீட்டர் ஓடி ஜெயித்தார். செருப்பு அறுந்து வெறுங்காலோடு ஓடினார். அவர் கதை மராத்தியில் படமாகி, 67ஆவது தேசிய விருதுகளில் சிறப்புப் பாராட்டும் பெற்றது. அனுப்புகிறவர்கள் கும்பிடுகிற கை பொம்மை போட்டு அனுப்புகிறார்கள். அந்த அம்மா ஓடியது கணவருக்கு ஸ்கேன் எடுக்கப் பணமில்லாததால். கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டாமா?

என் சொந்த விபத்து ஒன்று. போன வருடம் புரட்டாசியில் வேகத்தடை தெரியாமல் குப்புற விழுந்தேன். முட்டி சிராய்த்தது பெரிதில்லை, இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோனது. பட்டு நெய்கிறவளுக்குக் கைதான் முதல். தோலில் சின்னச் சொரசொரப்பு இருந்தாலும் இழையைப் பிடித்து இழுக்கும். பொருக்குக் கட்டிய கையைப் பாவின் மேல் வைத்தேன். கிளிப்பச்சை இழை இரண்டு அதில் மாட்டி, கண்ணெதிரே பிசிறு கிளம்பியது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் என் கையை எடுத்து நகர்த்திவைத்தார். தீபாவளி ஆர்டர் நேரம். ஒன்பது நாள் தறி பாதி ஓட்டம்தான், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கோர்வைக்கு உட்கார்ந்தாள். நான் உட்கார்ந்த அதே இடம். அந்த ஒன்பது நாளும் ஓட்டத்தை நினைத்தாலே எனக்குக் குற்றமாக இருந்தது. பொருக்கு உதிர்ந்த அன்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது மகள்தான் கேட்டாள், "நாளைக்கு ஓடப் போலியாம்மா?" இப்போது நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ஓடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம். களம்பூர் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஆரணி பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது, ஆரணி ரோடு என்ற பெயரில். அங்கே அரிசி ஆலைகளில் நெல் அவியும் வாசனை வந்தால் பாதி தூரம் ஆயிற்று என்று அர்த்தம். ஞாயிறு காலை கோர்வைக்கு ஆள் இல்லாததால் வீட்டுக்காரர் தனியாகச் செய்கிற வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்கிறார். அறுந்த இழை பார்ப்பது, பழைய பாவு நுனியில் புதுப் பாவைப் பிணைப்பது. அவராக எடுத்த முடிவு அது. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார்.

முழு மாரத்தான் என்றதும் அத்தை எத்தனை தூரம் என்று கேட்டார். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். "மூணு கிரிவலம் அத்தை, அதுக்கு மேல கொஞ்சம்" என்றேன். சித்ரா பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றியவர் அவர். முகம் மாறியது. "ஒண்ணு சுத்தறதுக்கே வெரலெல்லாம் கொப்புளம். ரெண்டாவது சுத்துல இந்திர லிங்கத்துகிட்ட ஒக்காந்துடாத. ஒக்காந்தா எழுந்திருக்க முடியாது" என்றார். கேட்ட யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான்.

என் கணக்கு வேறு. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால், ரவிக்கைத் துணியோடு ஒரு புடவைக்கு 14,000 மிதிக்கு மேல். ஒரு பாவில் மூன்று புடவை. பாவு தீரும்போது கால்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் மிதித்திருக்கும். மாரத்தானிலும் என் நடைக்கு ஏறக்குறைய அத்தனை எட்டு வரும். பாவுக்கு ஒரு மாதம் ஆகிறது, அதை ஒரே காலையில் முடிக்க வேண்டும், அவ்வளவே.

இந்த ஞாயிறு 28 கிலோமீட்டர். திரும்ப எட்டரை ஆகும். சனி இரவே இட்லி மாவை எடுத்து வெளியே வைக்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும், பையனின் கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி இருக்கிறது. கூழைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார். சின்ன வெங்காயம் தனியாகப் பொட்டலம் கட்டித் தரட்டுமா, ஓடிக்கொண்டே கடிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.