விழுங்கிய டிஸ்க், விட மறுக்கும் ஸ்டீரியோ

காரில் சி.டி. சிக்கிக்கொண்டால் பலரும் முதலில் தேடுவது கத்தியை. தேட வேண்டியதோ பொறுமையை.

தில்லியில் 2023 மே மாதத்துப் பிற்பகல். ஊரிலிருந்து வந்த அம்மாவை ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். கைப்பையில் புடவை மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு சி.டி.யை எடுத்து நீட்டினார் அம்மா. மேலே ஒட்டிய வட்டக் காகிதத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: 'பாட்டி பாட்டு.'

1988ல், கும்பகோணத்து வீட்டில் பாட்டி பாடிய தாலாட்டும் நலங்குப் பாட்டும், மொத்தம் பன்னிரண்டு, ஒரு 60 நிமிட கேசட்டில் பதிவாகியிருந்தன. 2005ல் அதை ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றினார் அப்பா. வேலை முடிந்ததே என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். பாட்டி போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அவர் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு வட்டில் மட்டும்தான்.

காரின் பழைய ஸ்டீரியோ அதை ஆவலாகத்தான் இழுத்துக்கொண்டது. இரண்டு பாட்டு கேட்டோம். மூன்றாவதில் கரகரத்து நின்றது. எஜெக்ட் பட்டனை அழுத்தினேன். உள்ளே மோட்டார் ஓடும் சத்தம். டிஸ்க்கின் விளிம்பு ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பார்த்தது. திரும்ப உள்ளே போய்விட்டது. பத்து முறை அழுத்தினேன், பத்து முறையும் அதே கதை.

"பார்த்துடா" என்றார் அம்மா. பார்க்காமல் நான் செய்த காரியத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

சி.டி. முதலில் விற்பனைக்கு வந்தது 1982 அக்டோபரில், ஜப்பானில். இரண்டே ஆண்டுகளில், 1984ல், பயனியரும் சோனியும் அதைக் காருக்குள் கொண்டுவந்துவிட்டன. வீட்டு பிளேயரில் தட்டு ஒன்று வெளியே நீண்டு வந்து டிஸ்க்கை ஏந்திக்கொள்ளும். காரில் அதற்கு இடமில்லை. மெல்லிய பிளவு ஒன்றுதான் இருக்கும். அதன் வழியே 120 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் கொண்ட வட்டு உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

பிளவுக்குப் பின்னால் நீளமான ஒரு ரப்பர் ரோலர் இருக்கிறது. டிஸ்க்கை நுழைத்ததும் சென்சார் அதை உணர்கிறது; மோட்டார் ரோலரைச் சுழற்றுகிறது; டிஸ்க் உள்ளே இழுக்கப்படுகிறது. நடுத்துளை சரியான இடத்துக்கு வந்ததும் ஒரு பிடி அதைக் கவ்விக்கொள்ள, ரோலர் விலகிவிடும். எஜெக்ட்டை அழுத்தினால் இவை எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும். பிடி தளர வேண்டும், ரோலர் மறுபடி வந்து டிஸ்க்கைத் தொட வேண்டும், எதிர்த்திசையில் சுழல வேண்டும். மோட்டார், பல்சக்கரங்கள், சிறு ஸ்விட்சுகள், ரப்பர் என்று இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் டிஸ்க் சிறைப்பட்டுவிடும்.

நம் ஊரில் இந்தச் சங்கிலிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தூசி. மற்றொன்று வெயில். கோடையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். வருடக்கணக்கில் இப்படி வெந்தால் ரோலரின் ரப்பர் இறுகி வழவழப்பாகிவிடுகிறது. பிறகு அது சுழலும், ஆனால் டிஸ்க்கைப் பிடிக்காது. அதே சூட்டில், டிஸ்க்கின் மேல் ஒட்டிய காகிதத்தின் பசை இளகி, ஓரம் சுருண்டு, உள்ளே எதிலாவது மாட்டிக்கொள்கிறது. வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் பதிவு செய்த சி.டி.க்கள்தான் இப்படி அதிகம் சிக்குகின்றன. லேபிள் ஒட்டியவை அவைதானே.

காதை வையுங்கள்

காரை ஓரங்கட்டிவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். ஓட்டிக்கொண்டே ஸ்டீரியோவோடு மல்லுக்கு நிற்பது ஆபத்து. எஜெக்ட் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டுச் சத்தத்தைக் கவனியுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

சத்தமே இல்லை, திரையிலும் வெளிச்சமில்லை என்றால் பெட்டிக்கு மின்சாரம் போகவில்லை. ஃபியூஸைப் பாருங்கள். திரை ஒளிர்கிறது, மோட்டார் மட்டும் மௌனம் என்றால் மோட்டாரோ உள்ளிருக்கும் ஸ்விட்சோ சண்டித்தனம் செய்கிறது. சில நேரம் பெட்டியின் மின்னணு மூளை குழம்பிப்போய், உள்ளே டிஸ்க் இருப்பதையே மறந்திருக்கும். மோட்டார் ஓடுகிறது, டிஸ்க் கொஞ்சம் வந்து திரும்பிப் போகிறது என்றால் ரோலர் வழுக்குகிறது, அல்லது ஏதோ தடுக்கிறது. கடகடவென்று பல் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது மெக்கானிக்கின் வேலை.

மெல்லியதிலிருந்து தொடங்குங்கள்

முதல் வைத்தியம், காத்திருப்பது. கார் கொதித்துக்கொண்டிருந்தால் கதவுகளைத் திறந்து ஆறவிடுங்கள். தில்லியின் ஜனவரிக் காலை என்றால் நேர்மாறு: உள்ளே கொஞ்சம் சூடு ஏறட்டும், குளிரில் இறுகிய ரப்பர் இளகும். பேட்டரி சோர்ந்திருந்தால் மோட்டாருக்குத் தெம்பு போதாது. அப்போது எஞ்சினை ஓடவிட்டு முயற்சி செய்யலாம். மூடிய கராஜுக்குள் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, எஜெக்ட்டை அழுத்தி விட்டுவிடாமல் சில வினாடிகள் அப்படியே பிடித்திருப்பது. பல மாடல்களில் இது கட்டாய வெளியேற்றத்துக்கான கட்டளை. வேறு இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டிய மாடல்களும் உண்டு. கையேட்டில் போட்டிருக்கும்.

மூன்றாவது, ரீசெட். பல பெட்டிகளில் முன்பக்கத்திலோ, கழற்றக்கூடிய முகப்புக்குப் பின்னாலோ குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பேனா முனையால் மெதுவாக அழுத்தினால் பெட்டி புதிதாகக் கண்விழித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கும். கடிகார நேரமும் சேமித்த ரேடியோ நிலையங்களும் அழிந்துபோகலாம். அது பெரிய நஷ்டமில்லை.

துளை இல்லாவிட்டால், வண்டியை அணைத்துவிட்டு ஸ்டீரியோவின் ஃபியூஸைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினாலும் இதே பலன்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை. திருட்டைத் தடுக்க ரகசிய எண் கேட்கும் ஸ்டீரியோக்கள் சில கார்களில் உண்டு. அந்த எண் கையில் இல்லாமல் மின்சாரத்தைத் துண்டித்தால் டிஸ்க்கோடு ஸ்டீரியோவும் ஊமையாகிவிடும்.

நான்காவது, ரோலர் வழுக்கும் நோய்க்கு மட்டும். எஜெக்ட்டை அழுத்தும்போது விளிம்பு எட்டிப் பார்த்தால், இரண்டு விரல்களால் பிடித்து, மோட்டார் தள்ளும் திசையிலேயே நேராக, மெல்ல இழுங்கள். மோட்டார் நின்றதும் கையை விட்டுவிடுங்கள். விளிம்பு கைக்கு எட்டவில்லையா? விசிட்டிங் கார்டு போன்ற வழவழப்பான அட்டையை டிஸ்க்குக்கு மேலே ஒரு விரற்கடை மட்டும் நுழைத்து, லேசாக அழுத்திக்கொண்டு எஜெக்ட் கொடுத்தால் சில சமயம் ரோலருக்குப் பிடி கிடைக்கும். இரண்டு மூன்று தடவை பார்க்கலாம். வரவில்லையென்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

கூடவே கூடாதவை

கத்தி, ஸ்க்ரூடிரைவர், பின்னல் ஊசி எதுவும் பிளவுக்குள் போகக் கூடாது. இன்னொரு சி.டி.யை நுழைத்து முதலாவதைத் தள்ளலாம் என்பது பிரபலமான யோசனை. பல நேரங்களில் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்வதுதான் மிச்சம். அட்டையில் இருபக்கம் ஒட்டும் டேப்பைச் சுற்றி விடுவதும் வேண்டாம். டேப் பிரிந்து ரோலரில் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. எண்ணெய் விட்டால் ரப்பருக்கு வழுக்கலும் லென்ஸுக்கு மறைப்பும்தான் கிடைக்கும். டாஷ்போர்டை ஓங்கிக் குத்துவதால் கை வலிக்கும், அவ்வளவே.

பலர் அறியாத விஷயம் ஒன்று. சி.டி.யின் மென்மையான பக்கம் பளபளக்கும் அடிப்பக்கம் அல்ல, மேல்பக்கம். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பாலிகார்பனேட் காவல் இருக்கிறது. அங்கே விழும் சிறு கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேலே, ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சுக்குக் காவல் மெல்லிய ஒரு வார்னிஷ் மட்டுமே. அது உரிந்தால், அந்த இடத்திலிருந்த பாட்டு போனது போனதுதான். பிளவுக்குள் விடும் கத்தி உரசுவதோ பெரும்பாலும் அந்த மேல்பக்கத்தைத்தான்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது காரியம் கெட்ட பிறகு. அன்று வீட்டுக்கு வந்ததும் வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்து வந்து, அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல், பிளவுக்குள் விட்டு நெம்பியிருந்தேன்.

கரோல் பாக் சிகிச்சை

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் வாங்கினால் ஸ்டீரியோ கூட வராது. காரைக் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போய்ப் பொருத்திக்கொள்ள வேண்டும். தில்லியில் கரோல் பாக், சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பெங்களூரில் ஜே.சி. சாலை எல்லாம் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன இடங்கள். இன்றும் அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் மின்னுவதெல்லாம் தொடுதிரைகள். ப்ளூடூத்தும் யு.எஸ்.பி.யும் வந்தபின் புதிய கார்களில் சி.டி. பிளவையே பார்ப்பது அரிது. பழைய பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கரோல் பாக்கில் நான்கு கடைகளில் ஒரே பதில் கிடைத்தது: இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஐந்தாவது கடையின் பின்புறம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்தான் எழுந்து வந்தார். பெட்டி வேண்டுமா, டிஸ்க் வேண்டுமா என்று இந்தியில் கேட்டார். டிஸ்க் என்றேன். அப்படியானால் நல்லது என்றார்.

பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பெட்டியின் இரு ஓரங்களிலும் வளைந்த கம்பிச் சாவிகளைச் செருகி, 180க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் தகரப் பெட்டியை இழுப்பறை போல உருவினார். இந்த அளவு உலகத்துக்கே பொது என்பதால், பின்னால் பொருத்தும் பெட்டிகளில் இது சுலபம். டாஷ்போர்டோடு ஒன்றாக வார்த்த ஸ்டீரியோவும் ஏர்பேக்கும் உள்ள கார்களில் இதை நாமே செய்து பார்ப்பது வம்பு. மேல்மூடியின் திருகுகளைக் கழற்றியதும் உள்ளே டிஸ்க் தெரிந்தது. பாதி பிரிந்த காகித லேபிள் சுருண்டு, ரோலருக்கும் மேல்தகட்டுக்கும் இடையில் ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. பெரியவர் அதை இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்தார். பிறகு ஒரு பல்சக்கரத்தை விரலால் பின்னோக்கிச் சுழற்றினார். பிடி தளர்ந்தது. டிஸ்க் தானாக நடந்து வந்தது.

வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பார்த்த பெரியவர், மேல்பக்க விளிம்பில் அரை அங்குலத்துக்குப் பூச்சு உரிந்திருந்த இடத்தைக் காட்டினார். கத்தியா என்று கேட்டார். தலையசைத்தேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது பாட்டு

சி.டி. உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுகிறது. முதல் பாட்டு நடுத்துளைக்கு அருகில், கடைசிப் பாட்டு விளிம்போரம். வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டபோது ஒன்பது பாட்டு குறையில்லாமல் வந்தன. பத்தும் பதினொன்றும் அங்கங்கே திக்கின. பன்னிரண்டாவது வரவேயில்லை.

உங்கள் வீட்டிலும் கல்யாண நாதஸ்வரமோ, மறைந்த பெரியவரின் குரலோ, பிள்ளையின் முதல் பேச்சோ இப்படி ஒரே ஒரு வட்டில் இருக்கக்கூடும். வீட்டில் பதிவு செய்த சி.டி.க்களில் பாட்டைத் தாங்குவது சாயப் படலம். வெயிலும் வருடங்களும் அதை வெளுக்கச் செய்துவிடும். அதனால் இன்றைக்கே இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். காருக்குப் பிரதி மட்டும் போகட்டும். லேபிள் ஒட்டாதீர்கள், சி.டி.க்கென்றே உள்ள மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். கீறல் விட்டதையும் வளைந்ததையும் 80 மில்லிமீட்டர் குட்டி டிஸ்க்கையும் கார் பிளவுக்குள் விடாதீர்கள். அப்படியும் சிக்கிக்கொண்டால், பெரியவர் என்னைக் கேட்டதை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: பெட்டி வேண்டுமா, டிஸ்க் வேண்டுமா? பெட்டி கடையில் கிடைக்கும்.

இடிந்துபோய் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "விடுடா, அது எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. செல்போனை எதிரே வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாட்டி பாடியதை அவர் பாடினார். நடுவில் ஓர் அடி மறந்துபோய், யோசித்து, மறுபடி பிடித்துக்கொண்டார்.

இப்போது எங்களிடம் பிரதிகள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் பன்னிரண்டாவது பாட்டு அம்மாவின் குரலில்.